பால்கனிக்குப் பின்னால் இருந்த அறை

1972 மியூனிக் ஒலிம்பிக் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு புகைப்படம்தான். கான்கிரீட் பால்கனி ஒன்றில், கண்களுக்கு மட்டும் ஓட்டை விட்ட முகமூடியோடு ஒருவன் வெளியே எட்டிப் பார்க்கிறான். வரலாற்றுப் புத்தகம், பத்திரிகை அட்டை, யூடியூப் முகப்புப் படம் என்று ஐம்பது வருடமாக அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. அதற்குள் கை கால் கட்டப்பட்டு ஒன்பது பேர் இருந்தார்கள், நடுவில் தரையில் ஒரு பிணம் கிடந்தது. அந்த அறையின் படம் நம் மனதில் இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவருடைய பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டால், உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

மியூனிக் படுகொலையைப் பற்றி மூன்று முக்கியமான படங்கள் உண்டு. கெவின் மெக்டொனால்டின் ஆவணப்படம் 'ஒன் டே இன் செப்டம்பர்' (1999), ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'மியூனிக்' (2005), டிம் ஃபெல்பாமின் 'செப்டம்பர் 5' (2024). மூன்றும் நன்றாக எடுக்கப்பட்டவை. முதலாவது சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வென்றது, மற்ற இரண்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. இந்த மூன்று படங்களிடமும் எனக்கு ஒரே கேள்விதான். கொல்லப்பட்டவர்களை நினைவில் வைத்துக்கொள்ள இவை நமக்கு உதவுகின்றனவா, அல்லது வேறு எதையோ நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கின்றனவா?

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 செப்டம்பர் 5 அதிகாலை. 'கறுப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன ஆயுதக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒலிம்பிக் கிராமத்தின் வேலியைத் தாண்டி, கோனொலி தெரு 31ஆம் எண் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். எதிர்த்துப் போராடிய மல்யுத்தப் பயிற்சியாளர் மோஷே வெய்ன்பெர்க்கையும் பளுதூக்கும் வீரர் யோசெஃப் ரொமானோவையும் கொன்றார்கள். ஒன்பது பேரைப் பணயக்கைதிகளாகப் பிடித்தார்கள். இஸ்ரேல் சிறைகளில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களையும், ஜெர்மன் சிறையில் இருந்த பாடர், மைன்ஹோஃப் இருவரையும் விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அன்று இரவு ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் விமானதளத்தில் ஜெர்மன் காவல்துறை நடத்திய மீட்பு முயற்சி படுதோல்வி அடைந்தது. எட்டுப் பேரைச் சுட ஐந்து பேர்தான் நிறுத்தப்பட்டிருந்தார்கள், அவர்களுக்குள் பேசிக்கொள்ள வயர்லெஸ் இல்லை, கவச வண்டிகள் நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தன. ஒன்பது பணயக்கைதிகளும் இறந்தார்கள். ஆண்டன் ஃப்ளீகர்பாவர் என்ற ஜெர்மன் காவலரும் இறந்தார். தாக்கியவர்களில் ஐந்து பேர் செத்தார்கள், மூவர் பிடிபட்டார்கள். அந்த மூவரும் இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 29 அன்று ஒரு லுஃப்தான்ஸா விமானக் கடத்தலுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்டார்கள்.

1

புதிய படத்திலிருந்து ஆரம்பிப்போம். 'செப்டம்பர் 5' ஏறக்குறைய முழுக்க ஓர் அறைக்குள் நடக்கிறது. அது பணயக்கைதிகள் இருந்த அறை இல்லை, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி விளையாட்டுப் பிரிவின் கட்டுப்பாட்டு அறை. நீச்சலும் குத்துச்சண்டையும் காட்ட வந்த குழு. அதிகாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. செய்திப் பிரிவிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று நியூயார்க்கிலிருந்து சொல்கிறார்கள், இவர்கள் மறுக்கிறார்கள். இளம் தயாரிப்பாளர் ஜெஃப்ரி மேசன் (ஜான் மகாரோ), மேலாளர் ரூன் ஆர்லெட்ஜ் (பீட்டர் சார்ஸ்கார்ட்), மொழிபெயர்க்க வந்த ஜெர்மன் பெண் மரியான் (லியோனி பெனெஷ்), இவர்களைச் சுற்றித்தான் கதை.

என்னைப் போல மென்பொருள் துறையில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இந்தப் படம் சட்டென்று பிடித்துப்போகும். சர்வர் படுத்துவிட்ட இரவில் எல்லோரும் ஒரே அழைப்பில் உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி இருக்கிறது. தொலைபேசி இணைப்பைப் பிரித்து ஒலிபெருக்கியில் கொடுக்கிறார்கள். கனமான ஸ்டுடியோ கேமராவை வெளியே உருட்டிக்கொண்டு போய்க் கட்டடத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துகிறார்கள். 16 எம்எம் ஃபிலிம் சுருளைக் கிராமத்துக்குள் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஒருவனுக்கு வீரன் வேஷம் போடுகிறார்கள். செயற்கைக்கோள் நேரத்துக்கு வேறொரு சேனலோடு பேரம் நடக்கிறது. எழுத்துகளைக் கையால் பலகையில் பொருத்திப் படம்பிடித்துத் திரையில் ஏற்றுகிறார்கள். இப்போது ஒரு பொத்தானில் முடிகிற காரியங்கள் எல்லாம் அன்று எவ்வளவு பேருடைய கை வேலையாக இருந்தன என்று பார்க்கிறபோது ஒரு பரவசம் வருகிறது. அந்தப் பரவசத்தைத்தான் படம் பிறகு நமக்கு எதிராகத் திருப்புகிறது.

காவலர்கள் விளையாட்டு உடையில் கூரைமேல் ஏறுகிறார்கள். கேமரா அதைக் காட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருவருக்கு உறைக்கிறது, வீரர்கள் தங்கியிருக்கும் அறைகளிலும் டிவி இருக்கிறதே! தாக்குதல்காரர்களும் இதே ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீட்பு முயற்சி கைவிடப்படுகிறது. இது கற்பனை இல்லை, நடந்த விஷயம். அதற்கு முன்பே படத்தில் இன்னொரு கேள்வியும் வருகிறது. நேரலையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றால் அந்தக் காட்சி யாருடையது, நம்முடையதா, அவர்களுடையதா?

அந்தக் கேள்விக்கு 1972இல் யாரிடமும் பதில் இல்லை. 2008இலும் இல்லை என்பதுதான் கொடுமை. மும்பை தாக்குதலின்போது நம்ம சேனல்கள் கமாண்டோக்களின் ஒவ்வொரு அசைவையும் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் தொலைபேசியில் உள்ளே இருந்தவர்களுக்கு வழி சொன்னார்கள். கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது இதற்காகத்தான். 2015 ஜனவரியில் பாரிஸின் ஹைப்பர் கோஷேர் கடையில் யூத வாடிக்கையாளர்கள் பிணைபிடிக்கப்பட்டபோது, குளிர்பதன அறைக்குள் ஆட்கள் ஒளிந்திருப்பதை ஒரு சேனல் நேரலையிலேயே சொன்னது. உயிர் பிழைத்தவர்கள் பிறகு அந்தச் சேனல்மீது புகார் கொடுத்தார்கள்.

பிறகு கேமரா கொலைகாரர்கள் கைக்கே போய்விட்டது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் தொழுகைக்கு வந்தவர்களைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அதே வருடம் யோம் கிப்பூர் நாளில் ஜெர்மனியின் ஹாலே நகர யூத ஆலயத்தைத் தாக்கப் போனவனும் நேரலை செய்தான். கதவு உடையாததால் உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள், வெளியே இரண்டு பேர் செத்தார்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆட்கள் உடலில் கேமரா மாட்டிக்கொண்டு வந்தார்கள். பால்கனியில் எட்டிப் பார்த்தவனுக்கு ஏபிசியின் கேமரா தேவைப்பட்டது, இவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் யோசிக்க வைப்பதால் 'செப்டம்பர் 5' நல்ல படம்தான். ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது மேசனின் களைத்த முகம் ஞாபகம் இருக்கிறது, மரியானின் குற்ற உணர்ச்சி ஞாபகம் இருக்கிறது. கொல்லப்பட்டவர்கள் திரையின் ஓரத்தில் சில புகைப்படங்களாக இருந்தார்கள் என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. 90 கோடி பேர் பார்த்தார்கள் என்று கடைசியில் எழுத்து வருகிறது. அத்தனை பேரும் பார்த்தது கட்டடத்தின் வெளிச்சுவரை. இயக்குநர் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். கேமராவுக்குத் தெரியாததைக் காட்ட மாட்டேன் என்ற ஒழுக்கம் அது. அந்த ஒழுக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தானே?

2

'ஒன் டே இன் செப்டம்பர்' இந்த விஷயத்தில் மேலானது, காரணம் ஆங்கி ஸ்பிட்ஸர். வாள்சண்டைப் பயிற்சியாளர் ஆந்த்ரே ஸ்பிட்ஸரின் மனைவி. அவர் பேச ஆரம்பித்ததும் படம் மனிதர்களுடையதாக ஆகிவிடுகிறது. ருமேனியாவில் பிறந்து இஸ்ரேலுக்கு வந்து, பயிற்சிக்காக நெதர்லாந்து போன இடத்தில் ஆங்கியைச் சந்தித்தவர் ஆந்த்ரே. ஒலிம்பிக்கை எல்லாப் பகைக்கும் அப்பாற்பட்ட இடமாக நம்பியவர். மியூனிக்கில் லெபனான் நாட்டு வீரர்களைப் பார்த்ததும் நேராகப் போய்க் கை கொடுத்துப் பேசினார். உன் நாடு அவர்களோடு போரில் இருக்கிறதே என்று ஆங்கி பயந்தார். இதுக்குத்தானே ஒலிம்பிக், என்கிற மாதிரி சந்தோஷமாகத் திரும்பி வந்தாராம் கணவர். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நெதர்லாந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, செப்டம்பர் 4 இரவுதான் மியூனிக் திரும்பினார். மறுநாள் ஜன்னலில் கைகள் கட்டப்பட்டு, அதிகாரிகளிடம் பேசுவதற்காக நிறுத்தப்பட்டார். அப்போது அவருக்கு 27 வயது.

இந்தப் பகுதிகளில் மெக்டொனால்ட் சரியாகச் செய்கிறார். ஜெர்மன் அதிகாரிகளின் சப்பைக்கட்டுகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். உயிரோடு இருந்த தாக்குதல்காரர் ஜமால் அல் காஷேயைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்திருக்கிறார். அவருடைய அகதி முகாம் வாழ்க்கையையும் கேட்கிறோம், செய்ததற்கு அவர் வருந்தவில்லை என்பதையும் கேட்கிறோம். ஆனால் கடைசிப் பகுதியில் இயக்குநருக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. விமானதளத்தின் படங்களை, சடலங்களின் புகைப்படங்கள் உட்பட, ராக் இசைக்கு ஏற்றபடி படபடவென்று வெட்டி ஓடவிடுகிறார். அதுவரை ஆங்கியின் குரலில் ஆந்த்ரேயாக இருந்தவர் இங்கே தாளத்துக்கு வந்துபோகிற ஒரு பிணம். பார்வையாளரை உட்கார வைக்க வேண்டும் என்ற பயம் ஆவணப்பட இயக்குநரையும் விடுவதில்லை போல.

3

ஸ்பீல்பெர்க்கின் 'மியூனிக்' வேறு ரகம். அது படுகொலைக்குப் பிறகான பழிவாங்கலைப் பற்றியது. மொசாட் குழு ஒன்று ஐரோப்பா முழுக்கத் தேடித் தேடிக் கொல்கிறது. கொல்லக் கொல்லக் குழுத் தலைவன் அவ்னர் உள்ளுக்குள் சிதைகிறான். டோனி குஷ்னரும் எரிக் ராத்தும் எழுதிய திரைக்கதை. பழிவாங்கல் எதையும் முடித்துவைப்பதில்லை என்று சொல்லும் துணிச்சல் அதற்கு உண்டு. வெளிவந்தபோது இரண்டு தரப்பும் திட்டியதை வைத்தே படத்தின் நேர்மையைக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

ஆனால் கொல்லப்பட்டவர்கள் இந்தப் படத்தில் என்னவாக இருக்கிறார்கள்? கதாநாயகனின் கெட்ட கனவாக. ஆரம்பத்தில் டிவியில் அவர்களுடைய பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அதோடு சேர்த்து, இனி கொல்லப்பட வேண்டியவர்களின் புகைப்படங்கள் மேஜைமேல் வைக்கப்படுகின்றன. ஒரு பட்டியலுக்கு இன்னொரு பட்டியல் ஈடு. கடைசியில், விமானதளப் படுகொலையையும் அவ்னர் மனைவியோடு கூடுவதையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார் ஸ்பீல்பெர்க். பலரும் அதைக் கேலி செய்தார்கள். என் குறை வேறு. சாகிறவர்களின் கடைசி நிமிடம்கூட இங்கே அவர்களுக்குச் சொந்தமாக இல்லை, அவ்னரின் மனநோயைக் காட்டுவதற்கு உதவுகிறது.

இந்தப் படத்தில் என்னை உலுக்கிய விஷயம் நடிகர் பட்டியலில் இருக்கிறது. மோஷே வெய்ன்பெர்க்காக நடித்தவர் குரி வெய்ன்பெர்க், அவருடைய மகன். அப்பா சாகும்போது ஒரு மாதக் குழந்தை. முகமே பார்த்திராத அப்பாவாக நடித்து, அப்பா செத்த மாதிரியே செத்துக் காட்டியிருக்கிறார். சில நிமிடக் காட்சி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் அந்தச் சில நிமிடத்தைத் தாண்டி அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

படம் விட்டுவிட்ட இன்னொருவரும் உண்டு. 1973 ஜூலையில் நார்வேயின் லில்லஹாமர் நகரில், ஆள் மாறாட்டத்தில், அஹ்மத் புஷிக்கி என்ற மொராக்கோ நாட்டு உணவக ஊழியரை மொசாட் சுட்டுக் கொன்றது. கர்ப்பிணி மனைவியோடு பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தவர். பழிவாங்கலின் அபத்தத்தைச் சொல்ல வந்த படத்தில் அந்த அப்பாவியின் மரணம் இல்லை. கொன்றவனின் மனசாட்சியைக் காட்டினால் போதும் என்று நினைக்கிற சினிமாவுக்கு, இந்தப் பக்கம் செத்தவரானாலும் அந்தப் பக்கம் செத்தவரானாலும் துணைப் பாத்திரம்தான்.

4

ஆக, ஒரு படம் பார்த்தவர்களைப் பற்றியது, ஒன்று பழிவாங்கியவர்களைப் பற்றியது, ஒன்று ஒருவரை மட்டும் நெருங்கிப் பார்த்துவிட்டு மற்றவர்களைத் தாளத்தில் கரைத்துவிட்டது. விடுபட்டது என்ன?

பதினொரு பேர் எங்கே பிறந்தார்கள் என்று பாருங்கள். எலியேசர் ஹல்ஃபின், மல்யுத்தம், பிறந்தது ரீகாவில். மார்க் ஸ்லாவின், மல்யுத்தம், மின்ஸ்க் நகரிலிருந்து இஸ்ரேல் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, வயது 18. யோசெஃப் ரொமானோ லிபியாவின் பெங்காசியில் பிறந்தவர். முழங்காலில் காயம்பட்டு ஊருக்குத் திரும்ப இருந்தவர், மூன்று பெண் குழந்தைகளின் அப்பா. டேவிட் பெர்கர் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் வளர்ந்து சட்டம் படித்துவிட்டுப் பளு தூக்கியவர். ஸீவ் ஃப்ரீட்மன் சைபீரியாவில் பிறந்தவர், பெற்றோர் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள். துப்பாக்கிச் சுடும் பயிற்சியாளர் கெஹாத் ஷோர் ருமேனியாக்காரர், மனைவியையும் மகளையும் அந்த இனப்படுகொலையில் இழந்தவர். பளுதூக்கும் நடுவர் யாகோவ் ஸ்ப்ரிங்கர் போலந்தில் குடும்பத்தை இழந்தவர். மல்யுத்த நடுவர் யோசெஃப் குட்ஃப்ராய்ண்ட், ஆந்த்ரே ஸ்பிட்ஸர் இருவரும் ருமேனியா. ஓட்டப் பயிற்சியாளர் அமிட்சுர் ஷபீராவும் மோஷே வெய்ன்பெர்க்கும் மட்டும்தான் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் யூதர்கள் எங்கிருந்தெல்லாம் துரத்தப்பட்டார்கள் என்ற வரைபடம் இது. அவர்கள் வந்து தங்கிய ஊருக்கு மிக அருகில்தான் டாஹாவ் வதைமுகாம் இருக்கிறது. உயிர் தப்பிய அணி உறுப்பினர்களில் ஷாவுல் லடானி என்ற நடையோட்ட வீரர் ஒருவர். சிறுவனாக பெர்கன் பெல்சன் முகாமில் இருந்து பிழைத்தவர், இரண்டாம் முறை மியூனிக்கில் பிழைத்தார்.

அந்த நகரத்தில் அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1970 பிப்ரவரி 10 அன்று மியூனிக் விமான நிலையத்தில் எல் ஆல் பயணிகள் தாக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார், நடிகை ஹன்னா மரோன் ஒரு காலை இழந்தார். மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 13 அன்று, ரைஹன்பாஹ் தெருவில் யூத முதியோர் இல்லம் இருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். ஏழு முதியவர்கள் செத்தார்கள், எல்லோரும் நாஜிகளிடமிருந்து தப்பியவர்கள். அதற்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, 1969 நவம்பர் 9 அன்று, யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட இரவின் நினைவு நாளில், பெர்லின் யூத சமூக மையத்தில் குண்டு வைத்தது ஓர் இடதுசாரிக் குழு. நல்ல வேளையாக அது வெடிக்கவில்லை. ஹிட்லரை எதிர்த்து வளர்ந்ததாகச் சொல்லிக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள். இந்தப் பின்னணி எதுவும் மூன்று படங்களிலும் கதையின் பகுதியாக இல்லை. அதனால்தான் மியூனிக் அவற்றில் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த ஒரு நாளாகத் தெரிகிறது.

எவரி ப்ரண்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலை அமெரிக்காவில் முறியடித்தவர். அந்தப் போட்டியில் மார்ட்டி க்ளிக்மன், சாம் ஸ்டோலர் என்ற இரண்டு யூத ஓட்டக்காரர்கள் தொடரோட்டம் நடக்கும் நாளில் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து அதே ப்ரண்டேஜ் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக மியூனிக் அரங்கில் அஞ்சலி உரை ஆற்றினார். பதினொரு பேர் கொலையையும், ரொடீசியா அணியை விலக்கச் சொல்லி வந்த அரசியல் நெருக்கடியையும் ஒரே மூச்சில், ஒலிம்பிக்கின்மீது நடந்த இரண்டு தாக்குதல்களாகச் சொன்னார். பிறகு விளையாட்டு தொடரும் என்று அறிவித்தார்.

விளையாட்டு தொடர்ந்தது. ஆங்கி ஸ்பிட்ஸரும் இலானா ரொமானோவும் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஒரே கோரிக்கையோடு போய் நின்றார்கள். தொடக்க விழாவில் ஒரு நிமிட மௌனம், அவ்வளவுதான். அது விழாவுக்குப் பொருந்தாது, அரசியலாகிவிடும் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஆனால் 2002 சால்ட் லேக் சிட்டி தொடக்க விழாவில் உலக வர்த்தக மையத்தின் கிழிந்த கொடி எடுத்துவரப்பட்டது. 2010 வான்கூவரில், பயிற்சியில் இறந்த ஜார்ஜிய வீரருக்கு அதே நாள் தொடக்க விழாவில் மௌனம் அனுசரிக்கப்பட்டது. 2012 லண்டன் தொடக்க விழாவில் 2005 ஜூலைக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலியாகப் பலரும் கண்ட ஒரு பகுதி இருந்தது. மியூனிக்கின் 40ஆம் வருடமான அதே விழாவில் அந்தப் பதினொரு பேருக்கு இடம் இல்லை. தொடக்க விழாவில் அவர்களுக்கான மௌனம் முதல்முறையாக வந்தது டோக்கியோவில், 2021இல். நாற்பத்தொன்பது வருடம் ஆனது.

5

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் வரும். அவர்கள் யூதர்கள் என்பதற்காகக் கொல்லப்படவில்லை, இஸ்ரேலியர்கள் என்பதற்காக, ஒரு நிலப் பிரச்சினையில் கொல்லப்பட்டார்கள், இதில் யூத வெறுப்பை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பார்கள். அந்தத் தாக்குதலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இக்ரித், பிரிம்'. 1948இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியேற்றப்பட்டு, திரும்பி வர விடாமல் தடுக்கப்பட்ட இரண்டு கிராமங்கள் அவை. அந்த அநியாயம் உண்மை. மியூனிக்குக்குப் பதிலடியாக லெபனானிலும் சிரியாவிலும் இஸ்ரேல் நடத்திய விமானத் தாக்குதலில் செத்தவர்களும் உண்மை. காஸாவில் செத்த குழந்தைகளுக்காகக் கோபப்படுகிறவர் அந்தக் கோபத்தை இந்தக் கட்டுரைக்காக ஒரு சொட்டுக்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இக்ரித்தின் வலிக்கு மின்ஸ்கிலிருந்து வந்த 18 வயதுப் பையன் எப்படிப் பொறுப்பு? ஒரு காரணத்தைப் புரிந்துகொள்வதும் அதைக் கொலைக்கான நியாயமாக ஏற்றுக்கொள்வதும் ஒன்றில்லை. சிறையிலிருந்த உல்ரிகே மைன்ஹோஃப், ஃபாசிசத்துக்கு எதிரானவர் என்று அறியப்பட்டவர், மியூனிக் தாக்குதலைப் பாராட்டியே அறிக்கை எழுதினார். யூத வெறுப்பு எப்போதும் கொலைகாரனின் வாக்குமூலத்தில் இருக்க வேண்டியதில்லை. பல சமயம் அது சுற்றி நிற்பவர்களின் துக்கத்தில் இருக்கிறது. மற்றவர் செத்தால் இரங்கல் என்பதும், இவர்கள் செத்தால் 'ஆனால்' என்று ஆரம்பிப்பதும் அதன் ஒரு வடிவம். ஒலிம்பிக் குழு 49 வருடம் சொன்னது அந்த 'ஆனால்' தான்.

இது எங்கோ ஐரோப்பாவின் நோய் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2008இல் மும்பைக்கு வந்தவர்கள், கோடிக்கும் மேல் ஜனம் உள்ள நகரத்தில், கொலாபாவின் சந்துக்குள் உள்ளூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத நாரிமன் ஹவுஸைத் தேடிப் போனார்கள். ரப்பி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க், கர்ப்பிணியான மனைவி ரிவ்கா உட்பட ஆறு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். இரண்டு வயது மோஷேயை அள்ளிக்கொண்டு ஓடிவந்தவர் சாண்ட்ரா சாமுவேல் என்ற நம்ம ஊர் ஆயா. அவர்கள் எந்த நிலத்தையும் பிடித்து வைத்திருக்கவில்லை. 2018இல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் பிரார்த்தனைக்கு வந்த பதினொரு பேரைக் கொன்றவன் ஒரு வெள்ளை இனவெறியன், யூத அமைப்புகள் அகதிகளுக்கு உதவுகின்றன என்பது அவன் ஆத்திரம். இடது, வலது, மதவெறி என்று எந்தக் கதவு வழியாகவும் இந்த வெறுப்பு உள்ளே வந்துவிடும்.

தமிழில் நமக்கு யூதர்களோடு பெரிய பகை எதுவும் இல்லை, பழக்கமும் குறைவு. அந்த இடைவெளியில்தான் விஷயம் விபரீதமாகிறது. கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைக்கிறோம், படத்துக்கும் தலைப்பாக வைக்கிறோம். 'எனது போராட்டம்' தமிழ் மொழிபெயர்ப்பு புத்தகக் காட்சியில் தன்னம்பிக்கை நூல்களின் பக்கத்தில் கிடக்கிறது. வாங்குகிறவர் யூத வெறுப்பாளர் இல்லை, விடாமுயற்சியைப் பற்றிப் படிக்கத்தான் வாங்குகிறார். அதுதான் என் கவலையே. உலகத்தின் வங்கிகளையும் ஊடகங்களையும் ஒரு ரகசியக் கூட்டம் நடத்துகிறது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வருகிற செய்தியின் தாய்ப் பத்திரம், ஜாரின் ரஷ்யாவில் புனையப்பட்ட 'ஸீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்'. அது மோசடி என்று லண்டன் 'டைம்ஸ்' 1921லேயே அம்பலப்படுத்திவிட்டது. நூறு வருடம் கழித்தும் சித்தப்பா அதை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம், இஸ்ரேல் என்றால் அடிக்கு அடி கொடுக்கிற வீரன் என்று கொண்டாடுகிற கூட்டமும் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு மியூனிக் என்றால் மொசாட் சாகசம். ஷோரின் செத்துப்போன மகளோ, ரொமானோவின் மூன்று பெண்களோ அவர்களுக்குத் தேவையில்லை. பழிவாங்கலை ரசிப்பது நினைவஞ்சலி ஆகாது.

6

ரொமானோ வீட்டாரிடம் 1992 வரை ஜெர்மனி ஆவணங்களைக் காட்டவில்லை. அப்படி எதுவும் இல்லை என்றே சாதித்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. அவர் எப்படிச் சித்திரவதை செய்யப்பட்டார் என்பது உலகத்துக்குத் தெரிய 2015 ஆனது. 2022 செப்டம்பர் 5 அன்று, ஐம்பதாவது வருடத்தில், ஜெர்மன் ஜனாதிபதி ஸ்டெய்ன்மையர் ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக்கில் நின்று குடும்பங்களிடம் மன்னிப்பு கேட்டார். 2.8 கோடி யூரோ இழப்பீடும், உண்மையை ஆராய வரலாற்றாசிரியர் குழுவும் உறுதியாயின. அதற்குச் சில நாட்கள் முன்புவரை குடும்பங்கள் அந்த விழாவைப் புறக்கணிப்பதாக இருந்தார்கள். எல்லாவற்றையும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஐம்பது வருடம் இரண்டு பெண்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பெயர்களை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்ட கதையை இந்த மூன்று படங்களும் எடுக்கவில்லை. துப்பாக்கி இல்லை, நேரலை இல்லை, கூரைமேல் ஏறுகிற காவலர் இல்லை. எடுக்கக் கஷ்டமான கதைதான். ஆனால் பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களை நினைப்பது என்றால் நடைமுறையில் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது அந்தக் கதைதான். பதினொன்று என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பதினொரு ஆட்களாக ஆக்கிக்கொண்டே இருப்பது அது.

படங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆவணப்படத்தை முதலில் பாருங்கள், ஆங்கி பேசுகிற இடங்களுக்காக. பிறகு 'செப்டம்பர் 5', நம் கையில் இருக்கும் கேமராவைப் பற்றி யோசிப்பதற்காக. 'மியூனிக்' பார்க்கும்போது வெய்ன்பெர்க்காக நடிப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். பால்கனியில் நிற்கிறவன் வருகிறபோது, அவனுக்குப் பின்னால் இருக்கிற கதவையும் கொஞ்சம் பாருங்கள். அன்று அதிகாலை அந்தக் குடியிருப்பின் கதவை யோசெஃப் குட்ஃப்ராய்ண்ட் தன் உடம்பால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே தூங்கியவர்களைக் கத்தி எழுப்பினார். அவர் தாங்கிய அந்தச் சில நொடிகளில் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒருவர் தப்பினார், துவியா சொகொலோவ்ஸ்கி என்ற பளுதூக்கும் பயிற்சியாளர். குட்ஃப்ராய்ண்டுக்கு வயது 40.